சிபில் கெட்டால் சீராகுமா?

2025 ஜூலை 26 இரவு திருச்சி விமான நிலையத்தில் பிரதமர் நரேந்திர மோடியைச் சந்தித்த எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி ஒரு மனுவைக் கொடுத்தார். விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் தரும்போது சிபில் மதிப்பெண் பார்க்கும் நிபந்தனையைக் கைவிட வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு முந்தைய மாதம், ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வாகி நியமன ஆணையும் பெற்ற ஓர் இளைஞரின் நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய சிபில் அறிக்கையில் தவணை தவறிய பதிவுகள் இருந்தன. பாக்கியையெல்லாம் கட்டி முடித்தாயிற்று என்ற அவரது வாதம் எடுபடவில்லை. ஆகஸ்ட் மாதம் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சவுத்ரி மக்களவையில் ஒரு விளக்கம் தந்தார். கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது என்பது அந்த விளக்கம்.

வயல், வேலை, முதல் கடன் என்று மூன்று மாதத்துக்குள் மூன்று இடங்களில் ஒரே எண் குறுக்கே வந்து நின்றது. திருச்சி ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடி வீடு பார்க்கும் குடும்பமும், காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரும், தில்லை நகரில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரியும் இன்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சிபில் அடிவாங்கியிருக்கு, சரி பண்ண முடியுமா?"

முடியும். பெரும்பாலும் காசு செலவில்லாமலே முடியும். ஆனால் நாளாகும். மதிப்பெண் என்பது தானாக நிற்கும் எண் அல்ல. ஒருவரது கடன் பதிவுகளைக் கணக்கிட்டு வரும் விடை. அந்தப் பதிவுகளை எழுதுவது கடன் கொடுத்த வங்கி. ஆகவே சீராக்கும் வேலை நடக்க வேண்டிய இடம் வங்கிக் கிளையும் கடனாளியின் மாதச் செலவுக் கணக்கும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணைத் துரத்துகிறவர்கள்தான் இடைத்தரகர்களிடம் பணத்தை இழக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ரொம்பப் பழையதல்ல. என். எச். சித்திக்கி தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2000 ஆகஸ்டில் சிபில் நிறுவனம் உருவானது. தனிநபர்களின் கடன் விவரங்களை அது தொகுக்கத் தொடங்கியது 2004-ல். மதிப்பெண் 2007-ல் வங்கிகளுக்குக் கிடைத்தது. பொதுமக்கள் தங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் 1990-லேயே தனிச் சட்டம் இயற்றிக் கடன் தகவல் பணியகம் அமைத்துவிட்டார்கள். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 2005-ல். இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் முகம் மலர்கின்றன. நான்கு நிறுவனங்களும் தனித்தனியே கணக்கிடுவதால், ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வருவதில் தவறொன்றும் இல்லை.

இதற்கு முன்பு கிளை மேலாளர்தான் சிபில். கடன் கேட்பவர் எந்தத் தெரு, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், அப்பா என்ன செய்தார் என்று நாலு பேரிடம் விசாரித்து முடிவெடுப்பார். அந்த முறையில் சாதியும் செல்வாக்கும் புகுந்து விளையாடின என்பதை மறந்துவிடக் கூடாது. ஆள் பார்த்துக் கொடுக்கும் வழக்கத்தை எண் ஓரளவு உடைத்தது. ஆனால் எண்ணின் கண்ணுக்குப் படாதவையும் ஏராளம். இருபது வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் சீட்டுக் கட்டியவருக்கு அது பெரும்பாலும் பதிவில் வராது. வீட்டு வாடகை, எல்ஐசி பிரீமியம், மின்கட்டணம் எதுவும் வராது. ஆனால் மறந்துபோன ஒரு கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் நிலுவையில் நின்றால், அது மட்டும் வந்துவிடும்.

கெட்ட பதிவைச் சீராக்க முதல் வேலை அதைப் படிப்பது. 2017 முதல், ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும் என்று நான்கு நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறைந்துவிடும் என்று பயந்து பலர் அந்தப் பக்கமே போவதில்லை. வங்கியில் விண்ணப்பம் போட்டு, வங்கி பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகும்.

அறிக்கையில் முதலில் தெரியும் எண்ணைவிட, உள்ளே ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக இருக்கும் கட்டங்களே முக்கியம். சிபில் அறிக்கையில் 36 மாதம் வரை அவை இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கும். 000 என்றால் பாக்கி இல்லை. 30, 60 என்று ஏறி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். கட்டங்களுக்கு மேலே கடனின் நிலை இருக்கும். 'குளோஸ்டு' என்றால் முழுதாக அடைந்தது. 'செட்டில்டு' என்றால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது. 'ரிட்டன் ஆஃப்' என்றால் வங்கி தன் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. அதாவது, வராது என்று வங்கி கைவிட்ட கணக்கு. கடனாளியின் பொறுப்பு அதோடு தீர்வதில்லை. இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அறிக்கையைத் திறந்ததும் பார்க்க வேண்டிய இன்னொன்று, அந்தக் கடன்களெல்லாம் தன்னுடையவைதானா என்பது. தமிழ்நாட்டில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. குடும்பப் பெயர் இல்லாத ஊர் இது. முதலெழுத்தை வைத்தே ஆளைப் பிரிக்கிறோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவில் 'ஆர். ரங்கநாதன்' என்று கூப்பிட்டால் எத்தனை வாசல் திறக்கும் என்று சொல்ல முடியாது. பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். ஆதாரில் முதலெழுத்து முன்னால் நிற்கும். வங்கியில் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பான் எண், பிறந்த தேதி, செல்பேசி எண், முகவரி இவற்றை ஒப்பிட்டுத்தான் கடன் தகவல் நிறுவனம் கணக்குகளை ஒரே ஆளின் கீழ் சேர்க்கிறது. அதில் ஒன்று பிசகினால் ஒருவருக்கு இரண்டு ஏடு உருவாகும். அல்லது இரண்டு பேரின் கடன் ஒரே ஏட்டில் விழும். ஆவணங்களில் பெயரை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது, இந்த ஊர்க்காரர்களுக்கு மதிப்பெண்ணைக் காப்பாற்றும் முதல் காரியம்.

அடுத்தவர் வேண்டுமென்றே எடுத்த கடனும் வந்து சேரலாம். தன் பான் எண்ணை வைத்து யாரோ ஒரு கடன் செயலியில் 2,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பதாக நடிகை சன்னி லியோன் 2022 பிப்ரவரியில் பகிரங்கமாகச் சொன்னார். அதே செயலியின் பேரில் மேலும் பலர் அப்போது அதே புகாரைச் சொன்னார்கள். பிரபலத்துக்குச் சீக்கிரம் தீர்வு கிடைத்தது. சாதாரண மனிதருக்கு என்ன வழி?

வழி சட்டத்தில் இருக்கிறது. தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிறது. புகாரைக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பதியலாம். ஆனால் அந்த நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் வேண்டும். அதனால் அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வதே விவரமறிந்தவர்கள் செய்வது. கடன் அடைத்த ரசீது, தடையில்லாச் சான்று, கணக்கு அறிக்கை மூன்றையும் கடிதத்தோடு இணைத்துவிட்டால், 'ஆவணம் இல்லை' என்று திருப்பி அனுப்ப இடமிருக்காது.

இந்த உரிமைக்குப் பல் முளைத்தது 2023 அக்டோபர் 26-ல். புகார் வந்து 30 நாளுக்குள் தீராவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அன்று உத்தரவிட்டது. ஆறு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த 30 நாளில் 21 நாள் வங்கிக்கு. மிச்சம் கடன் தகவல் நிறுவனத்துக்கு. யாரால் தாமதமோ அவர்கள் பணம் கொடுக்க வேண்டும். நமது அறிக்கையை யாராவது பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும், திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பவையும் அதே காலத்தில் வந்த உத்தரவுகள். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், அடைத்த கடன் இரண்டு மூன்று மாதம் திறந்தே கிடக்கும் பழைய நிலைமைக்கும் இப்போது சாக்கு இல்லை.

இதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் எல்லைக்குள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் இழப்பீடு கேட்டு வரும் கடிதத்தை ஒரு கிளை அலட்சியமாக வைத்திருக்க முடியாது. அது மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடுகிறது. இந்த உரிமை இருப்பதே பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம். கிளைச் சுவர்களில் காப்பீட்டு விளம்பரம் தொங்கும் அளவுக்கு இந்த அறிவிப்பு தொங்குவதில்லை.

தவறான பதிவு இப்படித் தீரும். உண்மையான பதிவு? உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் அதை யாராலும் அழிக்க முடியாது. புதிய நல்ல பதிவுகள் மேலே மேலே சேரச் சேரப் பழையதன் கனம் குறையும். அவ்வளவுதான்.

இங்கேதான் நல்ல மனதோடு செய்யும் காரியமே கெடுதலாக முடிவதைப் பார்க்கிறோம். திருச்சி நீதிமன்ற வளாகத்தில் லோக் அதாலத் நடக்கும்போது வங்கிகளின் வாராக்கடன் வழக்குகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரண்டு லட்சம் பாக்கி என்றால், ஒன்றேகால் லட்சத்தோடு முடித்துக்கொள்ள வங்கி ஒப்புக்கொள்ளும். வழக்கு முடிந்தது, வட்டி நின்றது, வீட்டு வாசலுக்கு வசூல்காரர் வருவதும் நின்றது. கடனாளி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். சில வருஷம் கழித்து மகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டுப் போகும்போதுதான் ஏட்டில் 'செட்டில்டு' என்ற சொல் நிற்பது தெரிகிறது. அடுத்த வங்கிக்கு அதன் பொருள், இவர் முழுதாகக் கட்டவில்லை என்பது. சமரசத்துக்குப் பிறகு குறைந்தது 12 மாத இடைவெளி விட்டே அதே வங்கி புதுக்கடன் தர வேண்டும் என்று 2023 ஜூன் மாத ரிசர்வ் வங்கி விதிமுறை சொல்கிறது. விவசாயக் கடன் தவிர மற்றவற்றுக்கு இது பொருந்தும்.

சமரசமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வருமானம் உடைந்துபோன குடும்பத்துக்கு அது மூச்சு விடும் வழி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏட்டில் எந்தச் சொல் ஏறும் என்பது ஒன்று. பிறகு கையில் பணம் சேரும்போது தள்ளுபடியான மிச்சத்தையும் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றித் தர அந்த வங்கி சம்மதிக்குமா என்பது மற்றது. கேட்டால் பல வங்கிகள் சம்மதிக்கின்றன. அதை எழுத்தில் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் சமரச மேசையிலேயே, தமிழில், கடனாளிக்கு எடுத்துச் சொல்வது வங்கியின் கடமையாக இருக்க வேண்டும்.

விற்கப்பட்ட கடன் இன்னும் சிக்கல். 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக்கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. தமிழ்நாட்டில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. கடன் வாங்கியது ஒரு வங்கியில், கேட்டு வருவது வேறொரு பெயரில். இப்படி விற்ற கடனைத் தீர்க்க நினைப்பவர் பழைய வங்கிக்குப் போனால் "இங்கே உங்கள் கணக்கே இல்லை" என்ற பதில் வரும். இப்போது கடனை வைத்திருப்பவர் யார் என்று பழைய வங்கியிடம் எழுத்தில் கேட்டு, அவரிடம் கட்டி, இரண்டு பதிவுகளையும் திருத்தச் சொல்ல வேண்டும். வாங்கியவர் மட்டும் திருத்தி, விற்றவர் திருத்தாமல் விட்டால் ஏட்டில் அந்தக் கறை அப்படியே இருக்கும்.

பிறர் கடனால் கெடுவதும் உண்டு. ஜாமீன் கையெழுத்து என்பது மரியாதைக்காகப் போடுவது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அண்ணன் தவணை தவறினால் தம்பியின் ஏட்டிலும் அது தெரியும்.

இதன் கொடுமையைத் திருச்சியை ஒட்டிய துவாக்குடியிலும் மாத்தூரிலும் பார்க்கலாம். பெல் நிறுவனத்தின் ஆர்டரை நம்பி அங்கே நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. கடந்த பத்தாண்டில் அனல்மின் திட்டங்கள் குறைந்து, ஆர்டர் சுருங்கியபோது பல பட்டறைகளின் கடன் வாராக்கடனாயிற்று. பட்டறைக்குத் தனிநபர் ஜாமீன் போட்டிருந்த முதலாளி, அவர் மனைவி, உடன்பிறந்தவர் எல்லாருடைய ஏடும் சேர்ந்து கெட்டது. நேர்மையாகத் தொழில் செய்து, சந்தை விழுந்ததால் விழுந்தவருக்கும், வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் ஏட்டில் ஒரே எண்தான். தொழில் கடனுக்கு 1 முதல் 10 வரை தனித் தரவரிசை உண்டு. ஒன்று நல்லது, பத்து மோசம்.

அத்தகைய தொழில்முனைவோர் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் உள்ள சிறுதொழில்களை வாராக்கடன் பட்டியலில் தள்ளும் முன் அவற்றுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு ஒரு மறுவாழ்வு நடைமுறை 2015, 2016-ல் வகுக்கப்பட்டது. அது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தாங்கள் சிறுதொழில் என்பதையும் நெருக்கடியில் இருப்பதையும் உரிய ஆவணங்களோடு முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கும் உண்டு என்றது. கணக்கு 90 நாளைத் தாண்டும் முன், முதல் தவணை தடுமாறும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். கௌரவம் பார்த்து மூன்று மாதம் காத்திருப்பதுதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

இனி, கெட்டதை ஏற்றும் வழி. மதிப்பெண் கணக்கின் சூத்திரத்தைச் சிபில் முழுதாக வெளியிட்டதில்லை. ஆனால் எவை கனமானவை என்பது தெரியும்: தவணை தவறாமை, கையில் இருக்கும் கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது, கடன் உறவின் வயது, பிணையுள்ள கடனும் பிணையில்லாக் கடனும் கலந்திருப்பது, அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டார் என்பவை.

பாக்கி பல இடத்தில் இருந்தால், 90 நாளை இன்னும் தாண்டாத கணக்கை முதலில் நடப்புக்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனம். ஏற்கெனவே வாராக்கடனான கணக்கில் பத்தாயிரம் போடுவதைவிட, விழப்போகும் கணக்கைத் தாங்குவதே புதுக்கறை படியாமல் தடுக்கும். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் வரம்பிருந்து 45,000 செலவழித்தால், உரிய நாளில் முழுதும் கட்டினாலும் அது பணமுடை உள்ளவரின் அறிகுறியாகவே கணக்கில் ஏறும். வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிறுத்தினால் சில மாதத்திலேயே மாற்றம் தெரியும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் தாமதப் பதிவு வராது. ஆனால் மிச்சத்துக்கு மாதம் மூன்றரை சதவீத அளவில் வட்டி ஓடும். வருஷத்துக்கு அது நாற்பதைத் தாண்டும். மீட்டர் வட்டியைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வங்கி மறுத்ததும் அடுத்த வாரத்தில் ஐந்து வங்கியில், மூன்று செயலியில் விண்ணப்பிப்பது மிகவும் கெடுதல். ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் நிற்கும். மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதைச் சரிசெய்துவிட்டு ஆறு மாதம் பொறுத்துப் போவதே வழி.

எந்த வங்கியும் கார்டு தராத நிலையில் இருப்பவருக்கு நிலை வைப்பின் மேல் தரும் கார்டு இருக்கிறது. பத்து, இருபது ஆயிரம் ரூபாயை வைப்பில் போட்டு, அதற்கு ஈடாகக் கார்டு வாங்கி, மளிகைக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் பயன்படுத்தி, மாதாமாதம் முழுதாகக் கட்டினால் பன்னிரண்டு நல்ல கட்டங்கள் ஓராண்டில் சேர்ந்துவிடும். நகைக்கடனும் பதிவாகும். தமிழ்நாட்டில் இது பலருக்கு எளிய வாசல். இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு வருமான ஆய்வு கட்டாயமில்லை என்று 2025 ஜூன் மாத ரிசர்வ் வங்கி விதிகள் சொல்கின்றன. ஆனால் மீட்காமல் ஏலத்துக்குப் போனால் நகையும் போகும், ஏடும் கெடும்.

கோயில்களைச் சுற்றிய வீதிகளில் பூ, பழம், வளையல் விற்பவர்களுக்கு 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் இந்த வகையில் உண்மையிலேயே பயனுள்ளது. பிணையில்லாமல் முதலில் சிறு தொகை, அதைக் கட்டினால் அடுத்து அதிகம், பிறகு 50,000 ரூபாய் என்று படிப்படியாகப் போகிறது. முதல் கடன் தொகை தொடக்கத்தில் 10,000. 2025-ல் 15,000 ஆக்கினார்கள். தண்டல்காரரிடம் தினமும் கட்டிய பணம் எந்த ஏட்டிலும் ஏறாது. இந்தக் கடனின் ஒவ்வொரு தவணையும் ஏறும்.

மகளிர் குழுக்கடன் வாங்கியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குழுவாக வாங்கினாலும் பதிவு தனித்தனி ஆள் பேரில்தான். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது 2022 முதல் உள்ள விதி. ஒரு கம்பெனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்கும் சுழலில் சிக்கியவருக்கு மதிப்பெண் முக்கியமல்ல, சுழலை நிறுத்துவதே முக்கியம். வீடு தேடி வந்து மிரட்டினால், 2025-ல் தமிழக அரசு கொண்டுவந்த கட்டாய வசூல் தடைச் சட்டத்தின்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

எவ்வளவு காலம் ஆகும்? தவறான பதிவென்றால் ஒன்றிரண்டு மாதம். கார்டு வரம்பு மிகுந்தது மட்டுமே குறை என்றால் மூன்று நான்கு மாதம். ஒன்றிரண்டு தவணை தவறியிருந்தால் ஓராண்டு ஒழுங்கு. வாராக்கடனோ சமரசமோ இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பிசகாமல் நடக்க வேண்டியிருக்கும். இவை அனுபவத்தில் சொல்லப்படும் அளவுகள். எந்த நிறுவனமும் உத்தரவாதம் தராது.

உத்தரவாதம் தருகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். 'முப்பது நாளில் 750', 'ரிட்டன் ஆஃப் நீக்கித் தரப்படும்' என்று வாட்ஸ்அப்பிலும் சுவரொட்டியிலும் கூவுகிறவர்கள். ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வதெல்லாம், வாடிக்கையாளரின் ஓடிபி வாங்கி, உண்மையான பதிவுகளின் மேலும் சகட்டுமேனிக்குப் புகார் பதிவதுதான். வங்கி 'பதிவு சரியே' என்று பதில் சொன்னதும் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். பான், ஆதார் நகல் மட்டும் தரகரிடம் தங்கிவிடும். அமெரிக்காவில் இதே தொல்லை பெருகியபோது 1996-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். வேலையை முடிக்கும் முன் பணம் வாங்குவது அங்கே சட்டவிரோதம். இந்தியாவில் இவர்களுக்கென்று ஒரு சட்டம் இல்லை. அது வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

கடைசியாக, எண்ணையே நம்புவது எங்கே தவறு என்ற கேள்வி. கல்விக்கடன் கேட்ட மாணவர் ஒருவரின் மதிப்பெண் 560 என்று வங்கி மறுத்த வழக்கில், 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி. வி. குஞ்ஞிகிருஷ்ணன், குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்றார். மாணவரின் வருங்காலச் சம்பாத்தியத்தை நம்பித் தரும் கடன் அது. பழைய கணக்கை வைத்து அளப்பது பொருந்தாது. அந்தத் தீர்ப்பின் நியாயம் தமிழ்நாட்டுக்கும் உரியது.

பயிர்க்கடனுக்கும் இதே நியாயம் உண்டு. டெல்டா விவசாயிக்கு வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. நீர் தள்ளினால் நடவு தள்ளும், அறுவடை தள்ளும், தவணையும் தள்ளும். இதை ரிசர்வ் வங்கி அறியாததல்ல. குறுகிய காலப் பயிருக்கான கடன், இரண்டு பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்பது அதன் விதி. வாராக்கடனை வகைப்படுத்தும்போது பருவத்தைப் பார்ப்பவர்கள், மதிப்பெண் போடும்போது மட்டும் மாதத்தைப் பார்ப்பது முரண். 2025-ல் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்குச் சிபில் பார்க்கும் பேச்சு எழுந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். வேறு வங்கியில் அதே நிலத்துக்குக் கடன் இருக்கிறதா என்று பார்க்கவே அது என்று அரசுத் தரப்பு விளக்கியது. இரட்டைக் கடனைத் தடுக்க அறிக்கையைப் பார்ப்பது நியாயம். எண்ணை வைத்து மறுப்பது நியாயமல்ல. இந்த வேறுபாடு சுற்றறிக்கையிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. விவசாயிகளுக்கு மாதந்தோறும் தனிக் கூட்டம் நடக்கிறது. அங்கே மாவட்ட முன்னோடி வங்கி ஒரு மேசை போடட்டும். வருகிறவருக்கு இலவச அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்து, தவறு இருந்தால் அந்த இடத்திலேயே புகார் பதிந்து, 30 நாள் கணக்கை அன்றைக்கே தொடங்கி வைக்கட்டும். கடனை அடைத்தவருக்குத் தடையில்லாச் சான்றோடு, திருத்திய பதிவின் நகலையும் வங்கிகளே கொடுக்கட்டும். அதுவரை வாசகர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நான்கு நிறுவனங்களிடமும் இந்த ஆண்டுக்கான இலவச அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் 31-க்குள் கேட்காவிட்டால் இந்த ஆண்டின் உரிமை போய்விடும்.